‘அவங்க’ ஏறாத கூண்டு

பெல் அடிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, எத்தனை அடித்தால் ஆளை ஏற்றிய கூண்டு சுரங்கத்துக்குள் இறங்கும், எத்தனை அடித்தால் நிற்கும் என்பதையெல்லாம் எஞ்சின் டிரைவர் சொல்லிக்கொடுத்துவிடுவார். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. சுரங்க வாயிலில் நின்று, கூண்டின் கதவைத் திறந்து, மனிதர்களை உள்ளே ஏற்றி, கதவைச் சாத்துகிறோம் அல்லவா, அதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். பாதியில் எழுந்து போகிறவன் இப்போதே போய்விடலாம். நடுவில் எழுந்தால் எனக்குக் கோபம் வரும்.

வயதாகிவிட்டது, தூக்கம் சரியாக வருவதில்லை. வருகிற தூக்கத்திலும் பாதி நேரம் நான் சுரங்க வாயிலில்தான் நிற்கிறேன். பனி இறங்கியிருக்கிறது. கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட ஊரிகம் லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். முகம் தெரியவில்லை. தொப்பியில் களிமண்ணை அப்பி அதில் நட்டுவைத்த மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும் தெரிகிறது. தூரத்தில் தங்கம் எடுக்கக் கல் இடிக்கிற மில் தொம் தொம்மென்று இடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்தில்தான் எங்கள் பிள்ளைகள் தூங்கினார்கள். மில் நின்றுபோனால்தான் விழித்துக்கொண்டு அழுவார்கள். நான் கதவைத் திறக்கிறேன், ஆறு பேர் ஏறுகிறார்கள், கூண்டு இறங்குகிறது. ஆறு சின்ன வெளிச்சங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அமிழ்ந்துபோகின்றன. பார்த்துக்கொண்டே நின்றால் நாமும் கூடவே இறங்குகிற மாதிரி கண் சொக்கும். மின்சார விளக்கு வந்த பிறகு அதெல்லாம் போய்விட்டது. உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அழகுக்கு நடுவில் ஓர் அசிங்கமும் இருந்தது. அதையும் கனவில் பார்க்கிறேன்.

சுரங்க வாயிலில் அப்போது இரண்டு வரிசை நிற்கும். ஒன்று ஊர்ப் பக்கம், மற்றது சேரிப் பக்கம். யோசித்துப் பாருங்கள், இங்கே ஊர் ஏது, சேரி ஏது? பாறையும் முள்ளும் கிடந்த இடம். வடாற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி லைன் வீடு, ஒரே மாதிரி கூலி, ஒரே இருட்டு. ஆனால் மூட்டை கட்டும்போது ஊரையும் சேரியையும் சேர்த்தே கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சேரிப் பக்கத்து ஆட்கள் ஏறிய கூண்டில் ஊர்ப் பக்கத்து ஆள் அப்படியே கால் வைக்க மாட்டான். நடுவில் கூண்டுக்குள் ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றி, ஆள் இல்லாமல் ஒரு தடவை இறக்கி ஏற்ற வேண்டும். அதற்கு ‘ஈர வண்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் அது. நாங்கள் இரும்புக் கூண்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம்.

இதை யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. எந்தத் துரையும் உத்தரவு போடவில்லை. எனக்கு முன்னால் பெல் அடித்தவர் ஊற்றினார், அதனால் நானும் ஊற்றினேன்.

என்னை அந்த வேலைக்கு வைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. நான் வேதக்காரன். எங்கள் அப்பா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிவிட்ட குடும்பம். ஊர்ப் பக்கம் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேரிப் பக்கம், “நீ மாதா கோயில் மணிக்குப் போற ஆளு, எங்க வரிசையில இன்னாத்துக்கு நிக்கிற?” என்று கேலி செய்தது. இரண்டிலும் சேராதவன் கதவைப் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு நல்லதாய்ப் போயிற்று. கூண்டு மேலே வர நேரமாகும். அதுவரை முன்னால் நிற்பவன் கதவுக்காரனிடம் காதோடு இரண்டு வார்த்தை பேசுவான். வீட்டில் சொல்லாததை, கூட்டாளியிடம் சொல்லாததை எல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப்போவான். பாதிரியாருக்குக்கூட அத்தனை பாவசங்கீர்த்தனம் கிடைத்திருக்காது.

இனி மூன்று பேரைச் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முனுசாமி, ஊர்ப் பக்கம். ஏழுமலை, சேரிப் பக்கம். இரண்டு பேருக்கும் சுரங்கத்தின் மூன்றாவது அடுக்கில், மூன்றாம் லெவலில், ஒரே இடத்தில் வேலை. பாறையில் வெடிமருந்துக்குத் துளை போட வேண்டும். முனுசாமி உளியைப் பிடிப்பார், ஏழுமலை சம்மட்டியால் அடிப்பான். சம்மட்டி ஒரு விரற்கடை தப்பினால் பிடிக்கிறவர் கை கூழாகிவிடும். முனுசாமி கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பாராம். அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய மெழுகுவத்தி அணைந்தால் ஏழுமலையின் வத்தியில்தான் பற்றவைத்துக்கொள்வார். கீழே அப்படி. மேலே வந்ததும் ஒருவர் இந்த வரிசை, ஒருவன் அந்த வரிசை. முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஏதோ கீழே நடந்தது கனவு என்பதுபோல இரண்டு பேரும் வேறு வேறு பாதையில் வீட்டுக்குப் போவார்கள்.

மூன்றாவது ஆள் பொன்னுரங்கம் மேஸ்திரி. அதே லெவலுக்கு மேஸ்திரி, ஊர்ப் பக்கத்தில் பெரிய தலை. பூதிகோட்டையில் நிலம் உண்டு. முண்டாசு கட்டியிருக்கும் விதத்திலேயே கொஞ்சம் பயம் வரும். முனுசாமியின் மகள் அலமேலுவை அவருடைய மகனுக்குப் பேசி, தாம்பூலம் மாற்றியிருந்தார்கள். முகூர்த்த நாள் பார்ப்பது மட்டும் பாக்கி.

ஒருநாள் முற்பகலில் கீழேயிருந்து பெல் வந்தது. வந்த விதமே சரியில்லை. கை நடுங்க அடித்த பெல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும். நான் என் இடத்தை இன்னொருவனிடம் விட்டுவிட்டுக் கூண்டோடு இறங்கினேன். மூன்றாம் லெவலில் பாறை சரிந்திருந்தது. எங்கும் தூசி, மருந்துப் புகை, மூச்சை அடைத்தது. முனுசாமி மார்பில் முட்டுக் கொடுத்த மரம் விழுந்து அரை நினைவாகக் கிடந்தார். அவரை இழுத்து வெளியே போட்ட ஏழுமலையின் காலில் இன்னொரு கல் விழுந்திருந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. முனுசாமி அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விடவே மாட்டேன் என்கிறார்.

அங்கே நின்ற ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவன் சொன்னான்: “மொதல்ல முனுசாமி அண்ணனை ஏத்து. அவனை அடுத்த வண்டியில பாத்துக்கலாம். எதுக்கு வீண் பேச்சு?”

இன்னொருவன், “அவனை ஏத்தினா அப்புறம் தண்ணி ஊத்தணும்பா, பேஜாரு” என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! “தண்ணியா? இன்னும் கொஞ்சம் நேரம் இங்கியே பேசிக்கினு இருங்க. ரெண்டு பேருக்கும் சேத்துத் தண்ணி ஊத்திக் கோடித்துணி போத்தலாம். தூக்குங்கடா ரெண்டு பேரையும்!” என்று கத்தினேன். பிடித்த சட்டையை விடுவிக்க நேரமில்லை. அப்படியே ஒன்றாகத் தூக்கிக் கூண்டில் போட்டோம். முனுசாமியின் தலை ஏழுமலையின் மடியில் இருந்தது. மேலே வருகிற வரை ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு, “முழிச்சிக்கினு இரு அண்ணே, முழிச்சிக்கினு இரு” என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

மேலே கதவைத் திறந்தபோது சங்கு கேட்டு ஓடிவந்த மொத்தக் கூட்டமும் நின்றிருந்தது. எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். நான்கூட, சரி, எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அப்போது இளம் வயது.

மறுநாள் காலையில் வழக்கம்போல இரண்டு வரிசை நின்றது. வாளி தயாராக இருந்தது. ஆபத்து நேரத்தில் மனிதன் மனிதனைத் தொடுவான் தம்பிகளே. ஆபத்து போன பிறகு கையைப் பார்த்துக்கொள்வான்.

அந்த வாரத்துக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. முனுசாமிக்குத் தீட்டுப் பட்டுவிட்டதாம். உடம்பு தேறி வேலைக்கு வருகிற முதல் நாள், சுரங்க வாயிலில் எல்லோர் முன்னாலும் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ‘தீட்டு கழிஞ்சுது’ என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் கூண்டில் ஏற வேண்டுமாம். அதுவரை அவர் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்களாம். கல்யாணப் பேச்சும் அப்படியே நிற்குமாம். ஊற்றிக்கொள்ளாவிட்டால் சம்பந்தம் முறிந்தது. தாம்பூலம் மாற்றி முறிந்த பெண்ணை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? அலமேலுவின் வாழ்க்கை அந்த ஒரு குடம் தண்ணீரில் வந்து நின்றது.

நான் முனுசாமியைப் பார்க்க லைனுக்குப் போனேன். மார்பில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். அலமேலு எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் குடிப்பேனோ மாட்டேனோ என்று நின்று பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

“எனக்கு ஒண்ணும் இல்லப்பா” என்றார் முனுசாமி. “அவன் இழுக்கலேன்னா என்னப் பொதைச்ச எடத்துல இந்நேரம் புல்லு மொளைச்சிருக்கும். அவன் தொட்டதுல இன்னா தீட்டு? ஆனா அவங்க ஒத்துக்க மாட்டாங்களே.”

“அவங்கன்னா யாரு?”

“பொன்னுரங்கம் அண்ணன்தான். அவரு எப்பிடிப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியாதா?”

அடுத்து ஏழுமலையைப் பார்க்கப் போனேன். கால் எலும்பு கோணலாகக் கூடிக்கொண்டிருந்தது. அவன் குறும்புக்காரன், எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. “ஊத்திக்கினா ஊத்திக்கட்டும்” என்றான். “பொண்ணு கல்யாணம், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. என் மடியில கெடந்ததுக்கு அவரு குளிச்சாருன்னா, நாளைக்கு அவரு பிடிக்கிற உளியில நான் சம்மட்டி அடிக்க மாட்டேன். எனக்குக் கை வராது. போய்ச் சொல்லு.” சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுகிறானோ என்று நினைத்தேன். கேட்கத் துணிவில்லை.

இதற்கிடையில் எங்கள் உபதேசியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைனுக்கு வந்து, எல்லோரும் ஆண்டவனின் பிள்ளைகள் என்று அருமையாகப் பேசினார். இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்து கேட்டார்கள். தலையாட்டினார்கள். தனித்தனியாக உட்கார்ந்துதான் தலையாட்டினார்கள். திங்கட்கிழமை வரிசையில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் சுரங்க வாயிலில் ஒவ்வொருவனாகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். கூண்டுக்குக் காத்திருக்கும் ஆளிடம், “இன்னா அண்ணாத்தே, முனுசாமி குளிச்சே ஆகணுமா?” என்று கேட்பேன். அவன் இரண்டு பக்கமும் பார்ப்பான். “எனக்கின்னாப்பா? நான் கேக்கல. அவங்க வுட மாட்டாங்க” என்பான். அடுத்தவனைக் கேட்பேன். “நான் அந்த மாதிரி பாக்கிற ஆளா? ஆனா அவங்க இருக்காங்களே” என்பான். ஒருவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. “அந்தப் பொண்ணு பாவம்பா. அவங்களுக்கு மனசாட்சியே இல்ல” என்று சொல்லிவிட்டு இறங்கினான். யார் அந்த ‘அவங்க’ என்று கேட்டால் அவன் இவனைக் காட்டுவான், இவன் அவனைக் காட்டுவான். சேரிப் பக்கத்திலும் இதே கதைதான். “நான் சேந்து ஏறுவேன்பா, எங்க ஆளுங்க பயந்துக்குவாங்க, அவங்க ஒத்துக்க மாட்டாங்க” என்றார்கள்.

கடைசியில் பொன்னுரங்கம் மேஸ்திரியிடமே கேட்டுவிட்டேன். பனி அடர்த்தியாக இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. அவர் முண்டாசை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: “நான் இன்னா சொல்றது? அந்தப் பையன் இழுத்துப் போடலன்னா என் சம்பந்தி இல்ல. என் மனசுல ஒண்ணும் கெடையாது. ஆனா முனுசாமி ஊட்டு ஆளுங்க ரொம்ப ஆசாரம். நான் வேணாம்னு சொன்னா, இன்னாடா இவன், ஆசாரம் இல்லாதவன் ஊட்டுக்கா பொண்ணு குடுக்கிறதுன்னு அவங்க பின்வாங்கிட்டா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. இத்தனை பேர் சேர்ந்து யாரோ ஒரு பூதத்துக்குப் பயந்துகொண்டு நிற்கிறார்கள். அந்தப் பூதம் ஒருநாளும் ஷிப்ட்டுக்கு வந்ததில்லை. எல்லோருடைய வாயையும் தனித்தனியாகக் கேட்டவன் நான் ஒருவன்தான். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இருப்பது நிஜமா, நான்தான் ஏதாவது கனவில் இருக்கிறேனா என்றிருந்தது.

அப்போது கூண்டை ஏற்றி இறக்கும் எஞ்சினுக்கு ஒரு டிரைவர் இருந்தார். பேர் வேண்டாம், பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நாளெல்லாம் எஞ்சின் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார், எந்த முகத்தையும் பார்க்க மாட்டார். அவரிடம் ஓடிப்போய், “எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசறாங்க, அண்ணே. ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டு எல்லார் முன்னாலயும் கேட்டுடறேன்” என்றேன்.

“கேளு” என்றார். “கூட்டத்துல கேட்டா எவன் மொதல்ல வாயத் தெறப்பான்? எவனும் தெறக்க மாட்டான். அப்புறம் யாராவது ஒருத்தன் பயத்துல, குளிக்கணும்னு சத்தமா சொல்லுவான். மத்தவனெல்லாம், ஆமா ஆமாம்பான். முடிஞ்சுது.”

“சரி, பொன்னுரங்கம் சொன்னதை முனுசாமிகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்.”

“சொல்லு. அவன் போய் மேஸ்திரியக் கேப்பான். நான் எப்ப சொன்னேன்னு இவரு குதிப்பாரு. உனக்குக் கோள்மூட்டின்னு பேரு வரும். அப்புறம் ஒருத்தனும் உங்கிட்ட வாயத் தெறக்க மாட்டான்.”

“துரைகிட்டச் சொல்லி உத்தரவு வாங்கினா?”

அதற்கு அவர் கோபப்பட்டுவிட்டார். “துரை சொன்னா, துரை எங்க சாதியக் கெடுத்துட்டான்னு சுரங்கமே நின்னுபோகும். உங்கிட்ட இன்னா கீது? கதவு கீது, வாய் கீது. தெனம் அந்த வாயால இன்னா கூப்புடற?”

நான் யோசித்தேன். தினமும் காலையில் நான் கூப்பிடுவது இதுதான்: “ஊர்ப் பக்கம் வா!” பிறகு, “சேரிப் பக்கம் வா!” வேறு யாரும் அவர்களை அப்படிப் பிரிக்கவில்லை. நான்தான் கத்திக் கத்திப் பிரித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தபடி, “கூண்டுல ஆறு பேருதான். கூட்டம் இல்ல. ஒருத்தன் ஏறினா மத்தவன் கண்ணால பாப்பான். அதுக்கு மேல நீ ஒண்ணும் பேசாத” என்றார்.

ஆனால் முதலில் ஏறுபவன் அடிபடுவான். அதனால் ஏழுமலையிடம் போய், நான் கூப்பிட்டால் முதல் ஆளாக வந்து ஏறுவாயா என்று மறைக்காமல் கேட்டேன். சில மாதம் படுத்துக்கிடந்துவிட்டு, அவனும் முனுசாமியும் ஒரே நாளில்தான் வேலைக்குத் திரும்ப இருந்தார்கள். “கூப்புடு, வர்றேன். ஆனா எவனாவது கை ஓங்கினா நானும் ஓங்குவேன். அப்ப வந்து வேதம் சொல்லாத” என்றான். ஒத்துக்கொண்டேன். முனுசாமியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மகளின் வாழ்க்கையைக் கையில் வைத்திருப்பவரிடம் போய், இதைச் செய் என்று சொல்ல நான் யார்?

அந்தக் காலை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. பனி இடுப்பளவுக்குத் தரையிலேயே படிந்திருந்தது. ஆட்களுக்குக் கால் இல்லாதது மாதிரி, எல்லோரும் மிதந்துகொண்டே வந்து நின்றார்கள். மில் இடித்துக்கொண்டிருந்தது. ஊர்ப் பக்கத்து வரிசைக்கு முன்னால் மஞ்சள் கரைத்த குடம். அதன் பக்கத்தில் முனுசாமி. இளைத்துப் போயிருந்தார். இரண்டு நாளாக அவர் சாப்பிடவில்லை என்று அலமேலு சொல்லியிருந்தாள். கொஞ்சம் தள்ளிப் பொன்னுரங்கம். அந்தப் பக்கத்து வரிசையில் ஒரு கழியை ஊன்றிக்கொண்டு ஏழுமலை. எல்லோரும் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முனுசாமி குனிந்து குடத்தைத் தூக்கினார்.

ஆண்டவரே என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டு, கதவை விரியத் திறந்தேன். “மூணாம் லெவல் ஆளுங்க வா!” என்று கத்தினேன்.

யாருக்கும் புரியவில்லை. இரண்டு வரிசையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. “இன்னாது?” என்றது ஒரு குரல். நான் மறுபடியும், “மூணாம் லெவல்! மூணாம் லெவல் ஆளுங்க வாங்கப்பா!” என்றேன். குரல் உடைந்துபோய்க் கீச்சென்று வந்தது.

கழி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. ஏழுமலை வரிசையை விட்டு வெளியே வந்தான். ஊர்ப் பக்கத்து வரிசையை ஒட்டித்தான் அவன் வர வேண்டும். வந்தான். யாருடைய தோளும் அசையவில்லை, யாருடைய கையும் உயரவில்லை. என்னைப் பார்த்து, “கூப்புட்டே, வந்துட்டேன்” என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முனுசாமி குடத்தை மார்போடு அணைத்தபடி நின்றார். தண்ணீர் தளும்பி அவர் வேட்டியில் மஞ்சளாக வழிந்தது. ஒருமுறை லைன் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. மகளைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு குடத்தைத் தரையில் வைத்தார். மெதுவாக, சிந்தாமல் வைத்தார். நடந்து வந்து கூண்டில் ஏறி ஏழுமலைக்குப் பக்கத்தில் நின்றார். “சுத்தி எடுத்தாந்தியா?” என்று கேட்டார். எங்கள் ஊரில் சம்மட்டியைச் சுத்தி என்பார்கள். ஏழுமலை தலையாட்டினான்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

தம்பிகளே, அந்த ஒன்றும் நடக்காத நேரம்தான் இந்த வேலையிலேயே கஷ்டமான நேரம். கூண்டில் இரண்டு பேர். வெளியே அத்தனை பேர். ஒவ்வொருவனும் பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்க்கிறான். எனக்குத் தெரியும், ஒருவன் மனசிலும் ஒன்றும் இல்லை என்று. ஆனால் ஒருவனும் அசையவில்லை. கதவைச் சாத்தி அந்த இரண்டு பேரை மட்டும் இறக்கிவிட்டால் முனுசாமி தொலைந்தார். அலமேலுவும் தொலைந்தாள். யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடலாமா, நீ என்னிடம் என்ன சொன்னாய் என்று கேட்டுவிடலாமா என்று நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். எஞ்சின் வீட்டில் டிரைவர் அவசரப்படுத்தவில்லை. அவ்வளவு நேரம் கூண்டு வாயிலில் நின்றால் எந்த டிரைவரும் திட்டுவார். அவர் காத்திருந்தார். நானும் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

பொன்னுரங்கம் மேஸ்திரி இருமினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் குடத்தைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், முனுசாமியின் முகத்தைப் பார்த்தார். அந்த ஆசாரக்காரர் வீட்டு ஆள் கூண்டுக்குள் நிற்பதை அப்போதுதான் அவர் கண் முழுசாக வாங்கிக்கொண்டது. சட்டென்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் கோபம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க? இங்க கூத்தா நடக்குது? ஷிப்ட்டுக்கு நேரமாகல?” என்று கூட்டத்தைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். விறுவிறுவென்று நடந்து வந்து கூண்டில் ஏறினார். ஏழுமலைக்கு மறுபக்கத்தில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் முட்டி மோதிக்கொண்டு ஓடிவந்தார்கள், எங்கே தாங்கள் கடைசி ஆளாகிவிடுவோமோ என்று பயந்தவர்கள் மாதிரி. அதில் ஒருவன் சேரிப் பக்கம். மற்ற இரண்டு பேர் எந்தப் பக்கம் என்று எனக்கு இன்றைக்கு நினைவில்லை.

பிறகு பொன்னுரங்கம் முன்னால் பார்த்தபடியே, “இன்னாப்பா ஏழுமலை, காலு எப்பிடி கீது?” என்றார். தரைக்கு மேலே அவர் வாயிலிருந்து அந்தப் பேர் வந்து நான் கேட்டதே இல்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் ஏழுமலை அன்றைக்கு, “கீது மேஸ்திரி” என்று மட்டும் சொன்னான்.

“உம். முனுசாமி, முகூர்த்தம் நீ பாக்கிறியா, நானே பாத்துடட்டுமா?”

முனுசாமியின் உதடு கோணியது. மார்புக் கட்டு வலிக்கிறதோ என்று நினைத்தேன். “நீங்களே பாருங்க, சம்பந்தி” என்றார்.

நான் கதவைச் சாத்தினேன். என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு தாழ்ப்பாள் எங்கே என்று தெரியவில்லை, தடவித்தான் போட்டேன். கூண்டு இறங்கத் தொடங்கியது. ஆறு வெளிச்சமும் ஒன்றாக அமிழ்ந்தன. வெளியே நின்றவர்கள் எல்லோரும் வரிசையை மறந்து வாயிலைச் சுற்றி நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். கீழேயிருந்து பொன்னுரங்கத்தின் குரல் வந்தது. பாறையில் பட்டு வந்ததால் பெரிதாகக் கேட்டது.

“யப்பா, மூச்சு முட்டுது. கொஞ்சம் தள்ளி நில்லுப்பா!”

சேரிப் பக்கத்து ஆளைப் பார்த்தால் ஊர்ப் பக்கம் தினமும் சொல்கிற வார்த்தைதான் அது.

“எங்க தள்ளி நிக்கிறது, மேஸ்திரி?” என்றான் ஏழுமலை. “எடமே இல்லியே!”

பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மேலே வந்தது. ஆறு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எது யாருடைய சிரிப்பு என்று மேலே நின்ற எங்களுக்குத் தெரியவில்லை.